உன் படிவத்தை நான் நிரப்புகிறேன்

விடுதி, ஹட்டன்
மே 4

அன்புள்ள அக்கா,

நான் சுகம். என் போன்தான் சுகமில்லை. அது வார்டன் றோலண்ட் சாருடைய அலுமாரியில், துவாய்களுக்கு நடுவே, வருடம் முடியும்வரை படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. நீ, அம்மா, அப்பா, சிவப்புக் கோழி எல்லோரும் எழுந்து நடமாடுகிறீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களுக்குப் போன் தருவார்கள். சார் மத்தியானம் தூங்கும்போது விடும் குறட்டையைப் பதிவு செய்து, பதினொரு பேருடைய போனில் அலாரமாக வைத்தேன். மறுவாரம் பதினொன்றும் ஒரே நேரத்தில் அடித்தன. சார் திடுக்கிட்டு எழுந்து ஜன்னலைத் திறந்து, "எவன்டா அது, விடுதிக்குள்ள லொறிய ஸ்டார்ட் பண்றது?" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். அதனால்தான் பிடிபட்டேன்.

"இனிமே வீட்டுக்குக் கடிதம் எழுது. தமிழாவது தேறும்" என்றார். அனுப்புவதற்கு முன் வாசித்தும் பார்ப்பாராம். ஆகவே, வணக்கம் சார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் உயர்தரப் பெறுபேறு வந்த அன்று என் போன் உயிரோடு இருந்தது. ஒரு ஏ, இரண்டு பி. உயிரியல் பிரிவில் நம் தோட்டத்திலேயே இப்படி எடுத்த முதல் ஆள் நீ. பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்துவிட்டதாமே? முதலாம் விருப்பம் மிருக வைத்தியம்தானே? கேட்பதே வீண். கால் உடைந்த கோழிக்கு ஐஸ்பழக் குச்சி வைத்துக் கட்டியவள் வேறு எதை எழுதப்போகிறாய்?

உடனே பதில் போடு. உறையின் முகவரியைப் பார்த்துச் சந்தோஷப்படு.

அலுமாரிக்கு வெளியே இருக்கும் உன் தம்பி,
கிஷாந்த்

(சிவப்பு மையில்) வாசித்தேன். பதினொரு பேர் அல்ல, பதினான்கு. – றோலண்ட்


மேல்பிரிவு லயம், உடப்புசல்லாவை
மே 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோருக்கும் சுகம். எனக்கு மட்டும் மானம் போய்விட்டது.

கடிதங்கள் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும், காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதானே உறையில் அப்படி எழுதினாய்? நூறு பேர் கூடையோடு நிற்கும்போது யோகேஸ்வரன் ஐயா உன் உறையைத் தூக்கிப் பிடித்து வாசித்திருக்கிறார்: "டாக்டர் நிலக்ஷி செல்லசாமி, மிருக வைத்தியர்! யாருப்பா அது, நமக்கே தெரியாம நம்ம தோட்டத்துல?"

அம்மா மறுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லையாம். "குடுங்க, நம்ம வீடுதான்" என்று வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாராம்.

அதோடு முடிந்ததா? சாயந்தரம் காளியாயி அத்தை ஆட்டோடு வந்து வாசலில் நிற்கிறார்.

"ஏம்புள்ள, டாக்டராகிட்டியாமே. சொல்லவே இல்ல?"

"ஐயோ அத்தை, அது கிஷாந்தோட சேட்டை. நான் பரீட்சைதான் எழுதியிருக்கேன்."

"எழுதிட்டல்ல? அப்ப இதப் பாரு. ரெண்டு நாளா எரை எடுக்கல."

ஆட்டின் இடப்பக்கம் மேளம்போல் உப்பியிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. தேங்காய் எண்ணெய் கொஞ்சம் புகட்டி, வயிற்றைத் தேய்த்து, லயத்து வீடுகளுக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் இடையே நடக்கவைத்தேன். எட்டாவது நடையில் அது விட்ட ஏப்பத்துக்கு நாய்கள் எழுந்து ஓடின. பிறகு புல் தின்றது. அது தானாகவே சரியாகியிருக்கும். ஆனால் அத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். நேற்று இரண்டு மாடு, ஒரு பூனை.

விண்ணப்பத்துக்கு ஜூன் 20 கடைசித் திகதி. விவசாயத்தை முதலாவதாகப் போடலாம் என்றிருக்கிறேன். அதுவும் நல்ல படிப்பு. மிருக வைத்தியத்துக்குப் போன வருடம் நம் மாவட்டத்து வெட்டுப்புள்ளி என் புள்ளிக்கு மயிரிழைதான் கீழே. இந்த வருடம் ஏறும் என்று கொமியூனிகேஷன் கடை மிலான் சொல்கிறான்.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாய், பெறுபேறு வருமுன்பே உயர்தர வகுப்பு தொடங்குகிறதாமே, நீ எந்தப் பிரிவு எடுக்கிறாய்? அப்பா கேட்கிறார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு படு.

உன்மேல் கோபமாக இருக்கும் அக்கா,
நிலக்ஷி


விடுதி, ஹட்டன்
மே 18

இரண்டு மாடு, ஒரு பூனை, ஓர் ஆடு ஆகியோரின் மதிப்புக்குரிய அக்கா,

நான் நலம். காது மூடியிருக்கிறது. ஆகவே உன் திட்டு எதுவும் கேட்கவில்லை.

"ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறாய். எண்ணெய் புகட்டினேன், தேய்த்தேன், நடக்கவைத்தேன் என்றும் எழுதியிருக்கிறாய். அக்கா, ஒன்றும் செய்யாதது எப்படி என்று தெரிந்துகொள்ள என்னைப் பார். நான் அதில் தேர்ந்தவன். ஆட்டைக் கண்டால் நான் வலப்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, சலாம் போட்டு அனுப்பியிருப்பேன்.

வெட்டுப்புள்ளி என்ற சொல்லைக் கேட்டதுமே கழுத்தைத் தடவிப் பார்க்கிறவள் நீ. மிலானுக்கு என்ன தெரியும்? அவன் கடையில் போட்டோக் கொப்பி அடித்தாலே பாதிப் பக்கம்தான் வருகிறது.

எங்கள் சாப்பாட்டு வரிசையைச் சொல்கிறேன், கேள். போய் நின்றதும் முதலில் "கோழி இருக்கா?" என்று கேட்பேன். இருந்தால் கோழி. இல்லையென்றால் பருப்பு. கோழி கேட்டான் என்பதற்காக யாரும் பருப்பை மறுப்பதில்லை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே "பருப்பு" என்றால், பருப்பை ஊற்றி "அடுத்த ஆள்" என்று அனுப்பிவிடுவார்கள். சட்டி நிறையக் கோழி மிஞ்சினாலும் பின்னால் ஓடிவந்து தரமாட்டார்கள். உன் விண்ணப்பமும் அப்படித்தான். மேலே எழுதியது கிடைக்காவிட்டால்தான் கீழே பார்ப்பார்கள். மேலே பெரியதை எழுதுவதால் கீழே உள்ளது ஒரு துளியும் குறையாது.

என் பிரிவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிரிவு என்பது சோகமான விஷயம். கடிதத்தில் எதற்கு?

அம்மா மூட்டுக்குத் தைலம் பூசுகிறாரா? அப்பாவுக்கு என் சலாம்.

வரிசையில் முன்னால் நிற்கும் தம்பி,
கிஷாந்த்

(சிவப்பு மையில்) இவர் கலைப் பிரிவுக்குப் போகப்போவதாக விடுதி முழுக்கச் சொல்லித் திரிகிறார். கணிதத்தில் கடைசித் தவணைப் புள்ளி 91. வீட்டில் தெரியுமா? – றோலண்ட்


மேல்பிரிவு லயம், உடப்புசல்லாவை
மே 26

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் மூட்டு பரவாயில்லை. அப்பா சுகம். உன் கடிதங்களின் அடியில் ஒருவர் சிவப்பு மையில் எழுதுவது உனக்குத் தெரியாது போலிருக்கிறது. அவருக்கும் என் வணக்கம்.

தொண்ணூற்றொன்று. என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பெக்டரியிலிருந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், "யாரு, நம்ம கிஷாந்தா?" என்றார். ஆமாம் என்றேன். "வேற யாராச்சும் கிஷாந்தா இருக்கப் போவுது, நல்லாப் பாரு" என்றார்.

ஊருக்கெல்லாம் கோழியும் பருப்பும் சொல்கிறவன், உன் தட்டில் என்ன கேட்டிருக்கிறாய் என்று பார். கலை பிடித்து எடுத்தால் நான் ஒரு சொல் பேசமாட்டேன். உனக்குக் கலை பிடிக்காது. வரலாற்றுப் புத்தகத்தை வைத்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தவன் நீ.

நானும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வரிசை எப்படி என்று எனக்குத் தெரியும். விண்ணப்பக் கைநூலை மூன்று தடவை வாசித்துவிட்டேன். என் பிரச்சினை அது இல்லை. கேட்டால்தான் இல்லை என்பார்கள். பருப்பு கேட்டவளைப் பார்த்து யாரும் இல்லை என்று சொன்னதில்லை. அது ஒரு நிம்மதி. உனக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். என்னால் உன்னைப் பற்றி ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்பட முடியவில்லை. உனக்கும் என்னைப் பற்றி அப்படித்தான் போல. அவரவர் விஷயத்தில்தான் இருவரும் நடுங்குகிறோம். அதனால் மாற்றிக்கொள்வோம். உன் பாடத் தெரிவுப் படிவம் அப்பாவின் கையெழுத்துக்கு எப்படியும் இங்கே வரவேண்டும். நிரப்பாமல் அனுப்பு, நான் நிரப்புகிறேன். என் விருப்ப வரிசையை நீ எழுதி அனுப்பு. மிலான் கடைக் கம்பியூட்டரில் அப்படியே தட்டிவிடுகிறேன்.

உறையில் என் பெயரை மட்டும் எழுது.

நிலக்ஷி


விடுதி, ஹட்டன்
ஜூன் 1

அன்புள்ள அக்கா,

உடம்பு நலம். உள்ளம் சிவப்பு மையால் குத்தப்பட்டிருக்கிறது. சார், இனிமேல் நீங்கள் எழுதுவதற்குக் கீழே நானே இடம் விட்டுவைக்கிறேன்.

கலைக்கு ஆறு காரணம் எழுதினேன். ஆறும் நல்ல வேடிக்கையாக வந்தன. கிழித்துவிட்டேன். ஏழாவது இதுதான்: கணித வகுப்பில் இருபத்தாறு பேர் சேர்கிறார்கள். பாதிப்பேர் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கண்டிக்கு டியூஷன் போகிறவர்கள். அவர்கள் சிரிப்பதுகூட ஆங்கிலத்தில் சிரிப்பதுபோலத்தான் எனக்குக் கேட்கிறது. சேட்டை செய்கிறவன் தோற்றால், "அவன் விளையாட்டுப் பயல், படிக்கல" என்பார்கள். உட்கார்ந்து படித்துத் தோற்றால் என்ன சொல்வார்கள்? அதற்கு ஒரு நக்கலும் எனக்கு வரவில்லை.

படிவம் உள்ளே இருக்கிறது. வெறும் படிவம்.

உன் வரிசை தனித்தாளில் இருக்கிறது. ஒன்று, மிருக வைத்தியம். இரண்டு, விவசாயம். மூன்றிலிருந்து உனக்குப் பிடித்தபடி. எல்லா இடத்திலும் மிருக வைத்தியம் என்றே எழுத ஆசை. அதைப் படிக்க ஓர் இடம்தான் இருக்கிறது, அதனால் விட்டேன்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மீறினால் அடுத்த உறையில் "பேராசிரியர்" என்று போடுவேன்.

பயத்துடன்,
கிஷாந்த்


மேல்பிரிவு லயம், உடப்புசல்லாவை
ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். விடாத மழை.

படிவத்தை நிரப்பி அனுப்புகிறேன். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பென்சிலில் இல்லை, பேனையில். அப்பா சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். "இது எந்தப் பக்கம் கொண்டுபோய் விடும் புள்ள?" என்று கேட்டார். "அவன் போற பக்கம்" என்றேன்.

நானும் மிலான் கடைக்குப் போய் வந்தேன்.

காளியாயி அத்தையின் ஆடு சுகம். கம்பளிச் சட்டை அனுப்பவா?

நிலக்ஷி


விடுதி, ஹட்டன்
ஜூன் 25

அன்புள்ள அக்கா,

சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. வெட்கத்துக்குத்தான் வைத்தியம் தேடுகிறேன். கம்பளிச் சட்டை வேண்டாம். இந்த வகுப்பில் உட்கார்ந்தாலே வியர்க்கிறது.

முதல் வாரம் கரும்பலகையில் நடந்தது எதுவும் எனக்குப் புரியவில்லை. மற்றவர்கள் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் தர்ஷன், ஹட்டன் டவுன் பையன், மூன்று டியூஷன். அவனும் ஆட்டினான். நான் குனிந்து கேட்டேன்.

"மச்சான், ஒனக்கு வெளங்குதா?"

"இல்லடா."

"அப்பறம் எதுக்குத் தலையாட்டுற?"

"நீ ஆட்டுனியே!"

அன்றிலிருந்து பார்க்கிறேன், அக்கா. இருபத்தாறு தலையும் ஒன்றைப் பார்த்து ஒன்று ஆடுகிறது.

போன வெள்ளி முதல் பரீட்சையின் புள்ளிகளைச் சத்தமாக வாசித்தார்கள். எனக்கு இருபத்துமூன்று. வகுப்பில் கடைசி. புள்ளிமானுக்குக்கூட என்னைவிடப் புள்ளி அதிகம். நான் பயந்துகொண்டிருந்தது இதைத்தானே? பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். மணி அடித்தது. அடுத்த பாடம் பௌதிகவியல். தர்ஷன் அழிறப்பர் கடன் கேட்டான். அவ்வளவுதான்.

இந்த வகுப்பை விட்டு நான் போகமாட்டேன். நீ பேனையால் எழுதியிருக்கிறாய்.

"கடைக்குப் போய் வந்தேன்" என்றால் என்ன அர்த்தம்? தீப்பெட்டி வாங்கவும்தான் ஆட்கள் கடைக்குப் போகிறார்கள். என்ன வரிசையில் போட்டாய்?

கடைசி வாங்கில் இருந்து,
கிஷாந்த்

(சார், இது உங்கள் இடம்.)

(சிவப்பு மையில்) இருபத்துமூன்று அல்ல, இருபத்துநான்கு. கூட்டலில் பிழை விட்டது கணித ஆசிரியர். – றோலண்ட்


மேல்பிரிவு லயம், உடப்புசல்லாவை
ஜூலை 5

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் மூன்று பேரும் சுகம். நான் உன்னை ஏமாற்றிவிட்டேன்.

ஜூன் 8ஆம் திகதி உன் தாளோடு கடைக்குப் போனேன். உட்கார்ந்து, விவசாயத்தை முதலாவதாகவும் மிருக வைத்தியத்தை ஐந்தாவதாகவும் தட்டினேன். மிலான் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, தம்பி எழுதுன பேப்பர்ல வேற மாதிரி இருக்கே?"

"நீ ஒன் வேலயப் பாரு."

சேமித்துவைத்தேன். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இருபதாம் திகதி அழுத்தத்தான் போனேன். திகதியை ஜூலை 4க்கு நீட்டிவிட்டார்கள். திரும்பிவந்துவிட்டேன்.

பிறகு உன் கடிதம் வந்தது. புள்ளிமான் என்ற இடத்தில் நான் சிரிப்பேன் என்று எழுதியிருக்கிறாய் போல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னை அங்கே வகுப்பே பார்க்க நிற்கவைத்துவிட்டு, நான் இங்கே ஐந்தாவது இடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன். நீ போகமாட்டேன் என்று வேறு எழுதியிருந்தாய்.

3ஆம் திகதி பஸ் இல்லை. நடந்தே போனேன். போனால் கரண்ட் இல்லை. மூன்று மணி நேரம் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்துவிட ஐந்து தடவை நினைத்தேன். மழை விடவில்லை, அதனால் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்ததும் ஐந்தாவதை முதலாவதாக்கினேன். "நான் அழுத்தட்டுமா அக்கா?" என்றான் மிலான். வேண்டாம் என்றேன்.

அழுத்திவிட்டேன். இனி அவர்கள் இல்லை என்று சொல்லலாம்.

மன்னித்துக்கொள்.

நிலக்ஷி


விடுதி, ஹட்டன்
ஜூலை 16

அன்புள்ள ஏமாற்றுக்காரிக்கு,

எனக்கு உடம்பும் சுகம், இப்போது மனசும் சுகம்.

குறும்பில் நம் வீட்டில் நான்தான் முதல் என்று நினைத்திருந்தேன். ஆட்டின் சுகத்தை எழுதிவிட்டு ஒரு மாதம் முழுக்க என்னை ஏமாற்றியிருக்கிறாய். பட்டத்தை உனக்கே தருகிறேன். பொத்தானை அழுத்தியதால் மன்னிப்பும் உண்டு.

சாதாரண தரப் பெறுபேறு வந்தது. கணிதத்தில் ஏ. வகுப்பில் இருபத்தாறு பேருக்குமே ஏ, அதனால் யாரிடமும் காட்டிப் பெருமையடிக்க முடியவில்லை. இரண்டாவது பரீட்சை முப்பத்தேழு. இப்போது எனக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். திரும்பிப் பார்த்துக் கையசைத்தேன்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிறேன். முடிவு வரும்வரை அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்துக்கொள்வோமா?

கிஷாந்த்


மேல்பிரிவு லயம், உடப்புசல்லாவை
ஒக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ விடுமுறை முடிந்து போனபின் நான் ஒரு வரியும் எழுதவில்லை. பத்து நாள் இருவரும் வானிலை பற்றியே பேசித் தீர்த்துவிட்டோம், எழுத மிச்சம் எதுவும் இருக்கவில்லை. அம்மா, அப்பா சுகம்.

நேற்றுச் சாயந்தரம் மிலான் கடையைத் திறந்துபோட்டுவிட்டு லயத்துக்கே ஓடிவந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. போனைத்தான் நீட்டினான்.

மிருக வைத்தியம். பேராதனை.

முதலில் சந்தோஷம் வரவில்லை, தம்பி. கோபம்தான் வந்தது. வெட்டுப்புள்ளி ஏறவே இல்லை. நன்றாக இறங்கியிருக்கிறது. எனக்குக் கீழே இன்னும் ஒருவர் வசதியாகக் கால் நீட்டி உட்காரலாம். ஜூனில் தட்டியபடி விட்டிருந்தால் விவசாயம் கிடைத்திருக்கும். நானும் "நல்லவேளை, அதைக் கேட்காமல் விட்டேன்" என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். அது பொய் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது.

அம்மா சேதியைக் கேட்டுவிட்டு, "அதான் மே மாசமே பெரட்டுல சொல்லிட்டாங்களே" என்று மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பிசைந்த மாவிலேயே திரும்பவும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இரவு கூழ்தான் குடித்தோம்.

உன் வகுப்பு எப்படி? மறைக்காமல் எழுது.

நிலக்ஷி


விடுதி, ஹட்டன்
ஒக்டோபர் 11

அன்புள்ள அக்கா,

நான் நலம் என்று எழுதினால் குறைவாக இருக்கும். உன் கடிதத்தைப் பந்தியில் நின்று சத்தமாக வாசித்தேன். தர்ஷன் மேசையில் தாளம் போட்டான். ஒரு கோப்பை உடைந்தது.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். இந்தத் தவணைப் பரீட்சையில் எனக்கு முப்பத்தொன்பது. நாற்பதுக்குக் கீழே எடுத்த ஐந்து பேரையும் வகுப்பாசிரியர் கூப்பிட்டு ஒரு தாள் கொடுத்தார். விரும்பினால் இப்போதும் கலைப் பிரிவுக்கு மாறலாம். மாறுகிறேன், மாறவில்லை என்று இரண்டு கட்டம். கீழே "காரணம்" என்று மூன்று கோடு. வீட்டுக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு வரவும் இரண்டு நாள் தந்தார்.

அக்கா, இந்தத் தாள் உனக்கு வராது. மேசையிலேயே வைத்து நிரப்பிவிட்டேன். மாறவில்லை.

காரணம்தான் கஷ்டப்படுத்தியது. நான்கு நக்கல் எழுதினேன். நான்கும் நன்றாகத்தான் இருந்தன. நான்கையும் வெட்டிவிட்டு, "எனக்கு இது பிடித்திருக்கிறது, என்னால் முடியும் என்று நினைக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியர் இரண்டு தடவை வாசித்தார். தாளைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

"இதுல என்னடா சேட்டை வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

"உண்மையச் சொல்லு."

"உண்மையத்தாங்க சார் எழுதியிருக்கேன்."

இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உன் தம்பி,
கிஷாந்த்